கோம்பைக் குட்டியின் பொய்க்கடி

கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டக் காவலுக்கு நாய் வளர்க்காத உழவர் வீடுகள் குறைவு. முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் கூடலூர் முதல் சின்னமனூர் வரை நெல், திராட்சை, வாழை, தென்னை பயிரிடும் உழவர்களும், மேற்கே மலையடிவாரத்தில் கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் பகுதிகளில் கிணற்றுப் பாசனமும் மானாவாரியும் பார்ப்பவர்களும் இரவுக் காவலை நாயிடம்தான் ஒப்படைத்திருக்கிறார்கள். காட்டுப்பன்றி வரப்பைத் தாண்டும் முன்பே அறிவது நாய். மோட்டார் அறைப் பக்கம் முன்பின் தெரியாதவர் வந்தால் குரல் கொடுப்பதும் அதுவே.

ஆயினும், அந்த நாயைக் குட்டிப் பருவத்தில் எப்படி வளர்ப்பது என்று நம் உழவர்கள் யாரிடமும் கேட்பதில்லை. ஏக்கருக்கு எத்தனை மூட்டை உரம், பத்து லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி மருந்து என்று துல்லியமாகக் கேட்பவர்கள்கூட, கையைக் காலைக் கடிக்கும் குட்டியைப் பற்றி, "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். வளர்ந்தால் தானாகச் சரியாவதில்லை. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

உழவியல் கற்பிப்பவனுக்கு நாயைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன். கோம்பைக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்திற்கு மண் மாதிரி எடுக்கச் சென்ற அன்று என் எண்ணம் மாறியது. அறுவடை நடந்துகொண்டிருந்தது. பந்தலுக்கு அடியில் பெண்கள் குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவரின் ஆறு வயது மகள் வரப்பில் விளையாடிக்கொண்டிருந்தாள். தோட்டக்காரர் வளர்த்த நான்கு மாதக் கோம்பைக் குட்டி அவள் பாவாடை நுனியைக் கவ்வி இழுத்தது. குழந்தை கூவிக்கொண்டு ஓடினாள். குட்டி விளையாட்டென்று எண்ணித் துரத்தியது. அவள் கையை வீச, புறங்கையில் பல் பதிந்து இரத்தம் வந்துவிட்டது.

கூட வேலை செய்த ஓர் அப்பத்தா சுண்ணாம்பு எடுக்க ஓடினார். தோட்டக்காரர், "குட்டிதானே சார், பால் பல்லு. அது என்ன செய்யும்?" என்றார். குட்டிக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டேன். போடவில்லை. சுண்ணாம்பைத் தடுத்து, மோட்டார்த் தொட்டித் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவச் செய்து, அவருடைய வண்டியிலேயே குழந்தையை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மறுநாள் கூலிக்கு வந்த பெண்கள் பாதிப் பேர். "பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு அந்தத் தோட்டத்துக்கு யார் போறது?" என்பது அவர்கள் பேச்சு. பழுத்த திராட்சை கொடியில் காத்திருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். தோட்டக்காரர் குட்டியைச் சாக்கில் போட்டு மலைப்பக்கம் விட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

அவரை அதிலிருந்து தடுக்கப் பேசிய பேச்சும், அதன்பின் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டவையுமே கீழே வருவன.

கோம்பை நாயின் இயல்பு

நம் மாவட்டத்தின் ஊர்ப் பெயரையே தாங்கியுள்ள இனம் இது. செவலை நிறம், கறுத்த முகவாய், அகன்ற தாடை, கட்டான உடல். இதனாலேயே 'கருவாய்ச் செவலை' என்று சொல்வார்கள். பன்றி வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்ட நாய். 2005ஆம் ஆண்டில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது இராஜபாளையம் இடம் பெற்றது. கோம்பை இடம் பெறவில்லை. ஆனால் 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை ஆகியவற்றுடன் கோம்பையையும் சேர்த்துக் குறிப்பிட்டார்.

வளர்ப்பவரிடம் ஒட்டுதலும் அயலாரிடம் ஐயமும் இதன் பிறவிக் குணம். காவலுக்கு இக்குணம் நல்லது. ஆனால் இதே குணத்தால், குட்டியிலேயே பலதரப்பட்ட மனிதர்களையும் பிற நாய்களையும் பார்த்துப் பழகாத கோம்பை, வளர்ந்தபின் யாரைக் கடிக்கலாம், யாரைக் கடிக்கக் கூடாது என்று பிரித்தறியாது. தபால்காரர், மின்வாரிய ஊழியர், கூலிக்கு வரும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அதற்குத் திருடர்களே. வேட்டை நாயின் தாடை வலு இதற்கு உண்டு என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். சாதாரண நாட்டு நாய்க்குப் பொருந்துவதைவிட இந்த இனத்திற்கு இளமைப் பழக்கம் மேலும் அவசியமாகிறது.

குட்டி ஏன் கடிக்கிறது?

குட்டி கடிப்பது கோபத்தால் அன்று. குழந்தை கையால் தொட்டு உலகை அறிவதுபோல நாய்க்குட்டி வாயால் அறிகிறது. பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்திற்குள் 28 பால் பற்கள் முளைத்துவிடுகின்றன. ஊசி போன்ற பற்கள் அவை. தாடையில் வலு இல்லாத வயதில் பல் மட்டும் இவ்வளவு கூர்மையாக இருப்பதன் பயனைக் குட்டிகள் விளையாடுவதைக் கவனித்தால் உணரலாம். ஒரு குட்டி மற்றொன்றின் காதைச் சற்று அழுத்திக் கடித்தால், கடிபட்டது வீலென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்தி விலகிப் போகும். கடித்த குட்டிக்கு விளையாட்டு போய்விட்டது. நாலைந்து முறை இப்படி நடந்தால் எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பது அதற்குப் பிடிபட்டுவிடும். பால் குடிக்கையில் பல் பட்டால் தாய் எழுந்து போய்விடுவதும் இத்தகைய பாடமே. நம் ஊரில் பொய்க்கடி என்று சொல்கிறோமே, வாய் வைத்தும் அழுத்தாத அந்தக் கடியைக் குட்டி கற்றுக்கொள்வது இப்படித்தான்.

ஏறக்குறைய நான்காவது மாதத்தில் பால் பற்கள் விழத் தொடங்கி, ஏழாவது மாதத்திற்குள் 42 நிலைப் பற்கள் வந்துவிடும். இந்த இடைக்காலத்தில் ஈறு நமைச்சலால் கையில் கிடைத்த செருப்பு, சொட்டுநீர்க் குழாய், வேட்டி நுனி எல்லாவற்றையும் குட்டி கடிக்கும். திராட்சைத் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயை எலி கடித்துவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். சிலவற்றில் குற்றவாளி உங்கள் காவல்காரனே.

இவை தவிர, தூக்கம் போதாத குட்டியும் கடிக்கும். சிறு குட்டி ஒரு நாளில் பெரும்பகுதி நேரம் தூங்க வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் மாறி மாறித் தூக்கி விளையாடினால், மாலையில் அது கிறுக்குப் பிடித்ததுபோல் ஓடி எல்லாரையும் கடிக்கும். அந்நேரம் அதற்குத் தேவை அதட்டல் அன்று; நிழலான மூலையில் ஒரு சாக்கு.

எத்தனை வாரத்தில் குட்டி வாங்குவது?

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது' என்பது நாய்க்கும் பொருந்தும்; ஆண்டுக்குப் பதிலாக வாரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னுமிடத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அறிஞர்கள் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965இல் நூலாக வெளியிட்டார்கள். மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி எதை எதைக் கண்டு பழகுகிறதோ அதை வாழ்நாள் முழுவதும் தன்னைச் சேர்ந்ததாகக் கொள்கிறது என்பது அவர்களது முடிவு. 1961இல் வெளியான மற்றோர் ஆய்வில், பதினான்கு வாரம் வரை மனிதர் கைபடாமல் வளர்க்கப்பட்ட குட்டிகள் அதன்பின் காட்டு விலங்குபோல் மனிதரைக் கண்டு ஒதுங்கின.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியவை இரண்டு. நான்கு, ஐந்து வாரத்தில் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவருவது தவறு. கடியின் அளவை உடன்பிறந்த குட்டிகளிடம் கற்கும் காலத்தில் அதைப் பிடுங்கி வந்துவிடுகிறோம். பிறகு அந்தப் பாடத்தை நம் கையும் காலும் கற்பிக்க வேண்டியதாகிறது. எட்டு வாரம் நிறைந்த குட்டியையே கேட்டு வாங்குங்கள். "சின்னதாக வாங்கினால்தான் நம்மிடம் ஒட்டும்" என்று விற்பவர் சொல்வார். அது அவருக்கு மூன்று வாரப் பால் செலவு மிச்சமாகும் கணக்கு. மற்றொன்று, வாங்கி வந்த குட்டியைத் தோட்டத்து மூலையில் தனியே கட்டிப்போட்டு மூன்று மாதம் கழித்துப் பழக்கலாம் என்று காத்திருத்தலும் தவறு. அதற்குள் கதவு மூடிவிடுகிறது.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. தடுப்பூசி முழுவதும் முடியாத குட்டியைத் தெருவில் விட்டால் பார்வோ போன்ற கழிச்சல் நோய் தொற்றும். ஆகையால் அதைத் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டோ, இருசக்கர வண்டியின் முன்கூடையில் வைத்தோ சந்தை, பால் சங்கம், பள்ளி வாசல் என்று காட்டி வாருங்கள். தொப்பி வைத்தவர், குடை பிடித்தவர், கம்பு ஊன்றி நடக்கும் பெரியவர், அழும் குழந்தை ஆகிய எல்லாரையும் அது பார்க்கட்டும். வருகிறவரிடம் ஒரு சிறு கேழ்வரகு உருண்டையைக் கொடுத்து அவர் கையால் ஊட்டச் சொல்லுங்கள். "எல்லாரிடமும் தின்னப் பழகினால் திருடனிடமும் தின்னாதா?" என்று கேட்பீர்கள். காவல் உணர்வு கோம்பைக்கு வயது வரும்போது தானே வரும். நாம் கற்பிக்க வேண்டியது அடக்கம் மட்டுமே.

கடியைத் திருத்தும் முறை

குட்டியின் பல் உங்கள் கையில் அழுந்திய அந்தக் கணத்திலேயே "ஆ!" என்று ஒரு முறை சொல்லி, கையை அசைக்காமல் தளர்த்திக்கொள்ளுங்கள். கையைப் படக்கென்று இழுத்தால் ஓடும் இரைபோல் அது தோன்றும். குட்டி மேலும் பாயும். பின்பு எழுந்து, முகத்தைத் திருப்பி, கைகளைக் கட்டிக்கொண்டு மரம்போல் நில்லுங்கள். பேச வேண்டாம், பார்க்கவும் வேண்டாம். அரை நிமிடம் கழித்துக் குட்டி அடங்கியதும் மறுபடி விளையாடலாம். சில குட்டிகள் "ஆ" என்ற ஒலியைக் கேட்டு மேலும் துள்ளும். அவற்றிடம் ஒலியை விட்டுவிட்டு, பேசாமல் எழுந்து கதவுக்கு அப்பால் ஒரு நிமிடம் போய் நிற்பது நல்லது. கடித்தால் விளையாட்டு முடிந்தது என்ற ஒரே பாடத்தை உடன்பிறந்த குட்டிகள் கற்பித்ததைப்போல நாமும் கற்பிக்கிறோம்.

முதல் வாரத்தில் பலமாக அழுத்தும் கடிக்கு மட்டும் விளையாட்டை நிறுத்துங்கள். அது குறைந்தபின் இலேசான கடிக்கும் நிறுத்துங்கள். கடைசியில் பல் பட்டாலே விளையாட்டு இல்லை என்றாக வேண்டும். ஒரேயடியாக வாயே வைக்கக் கூடாது என்று முதல் நாளிலேயே தடுத்துவிட்டால், அழுத்தத்தை அடக்கும் பாடம் நடவாமல் போய்விடும். பின்னாளில் என்றாவது பயத்தாலோ வலியாலோ வாய் வைக்க நேர்ந்தால், அழுத்தாமல் விடத் தெரிந்த நாயின் கடி கீறலோடு போகும். தெரியாத நாயின் கடியில் சதை பிய்ந்து வரும்.

கடிக்க வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. எதைக் கடிக்கலாம் என்பதையும் காட்ட வேண்டும். பழைய வேட்டித் துணியைக் கெட்டியாக முடிச்சுப் போட்டுத் தண்ணீரில் நனைத்துக் கொடுங்கள். ஈறு நமைச்சலுக்கு ஈரத்துணி இதமாக இருக்கும். நூல் பிரியத் தொடங்கியதும் வேறு துணி மாற்றிவிடுங்கள். கேரட்டும் கொடுக்கலாம். குழம்பில் வெந்த கோழி எலும்பைக் கொடுக்காதீர்கள்; அது சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும். பழைய செருப்பைக் கடிக்கக் கொடுத்துவிட்டுப் புதுச் செருப்பைக் கடித்ததற்குக் கோபப்படுவதில் நியாயமில்லை. பழசு எது, புதுசு எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

சேலைத் தலைப்பையும் வேட்டி நுனியையும் கவ்வும் குட்டியிடம் நடையை நிறுத்திவிடுங்கள். நகராத துணியில் அதற்குச் சுவை இல்லை. விட்டதும் "நல்லது" என்று சொல்லி முடிச்சுத் துணியைக் கொடுங்கள். சில நாளில் 'விடு' என்ற சொல்லை இதனுடன் சேர்த்துப் பழக்கலாம். தட்டில் சோறு வைக்கும் முன் 'இரு' என்று சொல்லி, நான்கு காலும் தரையில் பட்டிருக்கும்போது மட்டும் தட்டைக் கீழே வையுங்கள். இதற்குத் தனியே நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

வீட்டில் எல்லாரும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும். இதுதான் கடினமான பகுதி என்பது என் எண்ணம். அப்பா நிறுத்தச் சொல்வார். அண்ணன் கையை வாயில் கொடுத்துக் குட்டியை உசுப்புவான். "கடி, கடி" என்று கையை ஆட்டி விளையாடும் இளைஞர்கள் இல்லாத வீடு அரிது. ஒரே ஒருவர் இப்படிச் செய்தாலும் மற்றவர் உழைப்பு வீண். பாதி வயலில் மட்டும் களை எடுத்த கதைதான்.

குழந்தைகளுக்கும் ஒரு பாடம் உண்டு. குட்டி துரத்தினால் ஓடாதே, கத்தாதே, கையைக் கட்டிக்கொண்டு மரம்போல் நில், கீழே விழுந்துவிட்டால் முகத்தை மூடிச் சுருண்டு படு என்று சொல்லிக் கொடுங்கள். தின்னும் நாயையும் தூங்கும் நாயையும் தொடக்கூடாது. எவ்வளவு சாதுவான நாயாயினும் சிறு குழந்தையை அதனுடன் தனியே விடாதீர்கள்.

அடித்தால் திருந்தாதா?

'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியை நாய்க்கும் நீட்டிச் சொல்பவர்கள் ஏராளம். மூக்கில் தட்டுவது, வாயை இறுகப் பிடித்து அமுக்குவது, மல்லாத்திக் கழுத்தை மிதிப்பது எல்லாம் நம் ஊர்களில் நடக்கின்றன. 2009இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், நடத்தைக் கோளாறுக்காகத் தங்களிடம் நாயைக் கொண்டுவந்த 140 பேரிடம் கேட்டறிந்த விவரத்தை வெளியிட்டார்கள். அடித்தோ உதைத்தோ திருத்த முயன்றவர்களில் 43 விழுக்காட்டினரிடம் நாய் எதிர்த்துச் சீறியது அல்லது கடிக்க வந்தது. கையை ஓங்கினால் வலி வரும் என்று கற்ற குட்டி, நாளை பக்கத்து வீட்டுக் குழந்தை தடவிக்கொடுக்கக் கையை நீட்டும்போதும் வலியையே எதிர்பார்க்கும்.

இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. உறுமியதற்காக அடி வாங்கும் நாய் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது. உறுமல் என்பது "தள்ளிப் போ" என்ற எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையை நாமே அடித்துப் பறித்துவிட்டால், எந்த அறிகுறியும் காட்டாமல் கடிக்கும் நாயை உருவாக்கியவர்கள் ஆகிறோம். குரைக்கிற நாய் கடிக்காது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். குரைக்கிற நாயும் கடிக்கும்.

ஆங்காரம் வர வேண்டும் என்று மிளகாய்த்தூள் கலந்து ஊட்டுவது, காதை அறுப்பது, இருட்டறையில் அடைப்பது போன்றவை இன்னும் சில இடங்களில் வழக்கில் உள்ளன. இவற்றால் வயிற்றுப் புண்ணும், சீழும், பயந்த நாயுமே மிஞ்சும். பயந்த நாய் நல்ல காவல் நாய் ஆகாது. எதிரே யார் வந்தாலும் கடிக்கும், துணிந்த திருடன் வந்தால் ஓடும்.

சங்கிலியும் நடையும்

பகல் முழுவதும் ஒரு முழச் சங்கிலியில் கட்டிப்போட்ட குட்டியை மாலையில் அவிழ்த்தால் அது பாய்ந்து கடிக்காமல் என்ன செய்யும்? 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி, மிகக் குறுகிய அல்லது கனத்த சங்கிலியில் நியாயமற்ற நேரம் விலங்கைக் கட்டி வைத்தல் குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பதையும் அதே சட்டம் தனியே குற்றமாகச் சொல்கிறது. சட்டத்திற்காக இல்லாவிட்டாலும் காவலுக்காகவேனும் காலை, மாலை அரை மணி நேரம் நடத்திச் செல்லுங்கள். கட்டவே வேண்டிய இடத்தில், இரு கல்தூண்களுக்கு இடையே கம்பி இழுத்து அதில் வளையம் கோத்துச் சங்கிலியை மாட்டினால் நாய் அங்குமிங்கும் ஓடலாம். பந்தல் கட்டத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையன்று. நிழலும் தண்ணீரும் எட்டும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கோம்பைக்குப் பக்கத்துக் காட்டில் அவிழ்த்துவிட்டு வேட்டை பழக்கும் எண்ணம் யாருக்கேனும் இருந்தால் அதைக் கைவிடுக. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். மேகமலைக் காடுகள் 2021 முதல் புலிகள் காப்பகமாகவும் உள்ளன.

பிற நாய்களைக் கடித்தால்

அறுவடை முடிந்த நெல் வயல்களில் ஆட்டுக்கிடை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உழவியல்காரன் என்ற முறையில் நான் கிடையைப் பார்க்கப் போவது எருவுக்காக. ஆனால் கீதாரிகளின் நாய்களையும் கவனிக்கத் தொடங்கினேன். பெரிய நாய்களோடு கூடவே திரியும் குட்டி, அளவு மீறிக் கடித்தால் கிழ நாய் ஒன்று உறுமும்; அல்லது வாயால் ஒரு தட்டுத் தட்டி நிறுத்தும். குட்டி மல்லாந்து படுக்கும். காயம் எதுவும் இராது. அந்தக் கிழ நாய் உறுமும்போது குறுக்கே போய் அதை விரட்டாதீர்கள். நம்மால் ஒரு மாதத்தில் கற்பிக்க முடியாததை அது ஒரு பொழுதில் கற்பித்துவிடும்.

உங்கள் வீட்டில் ஒற்றைக் குட்டியாயின், தடுப்பூசி போட்ட, சாந்தமான, வயதான நாய் ஒன்று உறவினர் தோட்டத்தில் இருந்தால் அதனுடன் பழக்குங்கள். முகத்துக்கு முகம் கொண்டுபோய் நிறுத்தாமல், இரண்டையும் பத்து அடி இடைவெளியில் ஒரே திசையில் நடத்திச் செல்லுங்கள். கயிறு தளர்வாக இருக்கட்டும். கயிற்றை இழுத்துப் பிடித்தால் நமது பதற்றம் நாய்க்குத் தொற்றும். இரண்டு மூன்று நாளில் பக்கத்தில் வரவிடலாம். விளையாட்டில் மாறி மாறித் துரத்துவதும் மாறி மாறி விழுவதும் நல்ல அறிகுறி. ஒன்றே எப்போதும் மேலே ஏறி அமுக்கி, மற்றது வாலை ஒடுக்கி ஓடப் பார்த்தால் உடனே பிரித்துவிடுங்கள். உடம்பு விறைத்து, அசையாமல் நின்று முறைத்துப் பார்த்தால் அது விளையாட்டன்று. ஆறு மாதத்தைத் தாண்டியும் இப்படிச் செய்யும் நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காது வலி, பல் வலி, உள்காயம் போன்ற நோவுகளாலும் நாய் கடிக்கும். சண்டையில் நடுவே கையை விடாதீர்கள். வாளித் தண்ணீரை வீசி ஊற்றுங்கள்.

பல் பட்டுவிட்டால்

குட்டி என்று அலட்சியம் செய்யும் இடம் இதுதான். மூன்று மாதம் நிறையாத குட்டியும் வெறிநோயைப் பரப்பக்கூடும். உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் இந்நோயால் இறப்பதாகவும் அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இந்தியாவில் என்றும் உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு கூறுகிறது. கடிபடுவோரில் நாற்பது விழுக்காட்டினர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். நோய் அறிகுறி தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. அறிகுறி தோன்றும் முன் முறையாக மருத்துவம் செய்தால் அநேகமாக எல்லாருமே பிழைக்கிறார்கள்.

பல் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீண்ட நேரம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய், காப்பித்தூள், எண்ணெய் எதுவும் வைக்க வேண்டாம். துணியால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்தம் வராத கீறலாயினும் தடுப்பூசி வேண்டும். இரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியுடன் காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத மருந்தும் போடுவார்கள். அரசு மருத்துவமனைகளில் தோலினுள் போடும் முறையில், முதல் நாளை 0 என்று கொண்டு, 0, 3, 7, 28ஆம் நாட்களில் ஊசி போடப்படுகிறது. பெரியவர்கள் நினைவில் உள்ள, தொப்புளைச் சுற்றிப் போடும் பதினான்கு ஊசி இப்போது இல்லை. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்தை இந்தியாவில் கைவிட்டு இருபது ஆண்டுகளாகின்றன. ஊசிக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை.

கடித்த நாயைக் கொல்லாதீர்கள், விரட்டாதீர்கள். பத்து நாள் கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும். உணவும் நீரும் மறுத்தல், குரல் மாறுதல், எச்சில் ஒழுகுதல், காரணமின்றிப் பாய்தல், நடை தள்ளாடுதல் தென்பட்டால் அருகில் செல்லாமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். கவனிப்பு முடியட்டும் என்று மனிதருக்கான ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. மாடு, ஆடு கடிபட்டிருந்தால் அவற்றுக்கும் மருத்துவம் உண்டு.

அந்தத் தோட்டக்காரரிடம் நான் சொன்னதும் இதைத்தான். குட்டியை மலையில் விட்டால் அது ஒரு வாரத்தில் வேறோர் ஊரில் இறங்கும், வேறொரு குழந்தையைக் கடிக்கும். அந்தக் குழந்தைக்கு எந்த நாய் கடித்தது என்றே தெரியாமல் போகும். அவர் பத்து நாள் கட்டி வைத்தார். குட்டிக்கு நோய் இல்லை. குழந்தையின் ஊசிகளுக்கு நான்கு முறையும் அவரே வண்டியில் அழைத்துப்போனார். ஊசிக்குப் போன வழியிலேயே தாய்க்கும் அவருக்கும் மனத்தாங்கல் தீர்ந்தது என்று பின்னர் சொன்னார். குட்டியைப் பழக்கியவர் அவருடைய வயதான தகப்பனார். முழுதாக அடங்க மூன்று மாதத்திற்கு மேல் ஆயிற்று. அறுவடை நாட்களில் இப்போதும் அதைக் கம்பி வளையத்தில்தான் கட்டி வைக்கிறார்கள், அதுவே சரி. நாயின் அலட்சியமான பராமரிப்பால் பிறருக்குத் தீங்கு நேர்ந்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் முதல் வெறிநோய்த் தடுப்பூசி, ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி, பின் ஆண்டுக்கொரு முறை போட வேண்டும். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளை ஒட்டித் தடுப்பூசி முகாம்களும் நடைபெறுகின்றன. குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே, அதற்கு மூன்று மாதம் நிறையும் தேதியைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.